அரை வலிமை: உடற்பயிற்சியின் எல்லையை வகுப்பவர் யார்?

பௌத்த விநய பிடகத்தின் மகாவக்கத்தில் சோணர் என்னும் இளந்துறவியின் கதை ஒன்று உண்டு. அங்க நாட்டுச் சம்பா நகரத்துச் செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். உள்ளங்காலில் மயிர் முளைக்கும் அளவுக்குத் தரையில் கால் படாமல் வளர்ந்தவர். துறவு பூண்டபின் ராஜகிருகத்தை அடுத்த சீதவனத்தில் நடைத்தியானத்தில் ஈடுபட்டார். ஊக்கம் மிகுதியால் இடைவிடாது நடந்தார். பாதங்கள் வெடித்தன, அவர் நடந்த பாதை மாடு வெட்டும் களம்போலக் குருதியால் நனைந்தது. அவ்வழியே வந்த புத்தர், இல்லறத்தில் வீணை வாசித்துப் பழகியிருந்த அவரிடம், நரம்பை மிக இறுக்கினாலும் மிகத் தளர்த்தினாலும் இசை பிறக்குமா என்று கேட்டதாகக் கதை செல்கிறது.

இந்த வீணை உவமை பலரும் அறிந்தது. கதையின் பிற்பகுதி அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. சோணரின் கால்களைக் கண்ட புத்தர் அவருக்குச் செருப்பு அணிய அனுமதி அளிக்கிறார். சோணர் மறுக்கிறார். அத்தனை செல்வத்தைத் துறந்து வந்தவன் ஒரு செருப்பை விடமாட்டாதவனாக இருக்கிறான் என்று உலகம் பேசும். சங்கம் முழுவதற்கும் அனுமதி கிடைத்தால் தானும் அணிவதாகச் சொல்கிறார். அதன்பின் துறவியர் அனைவருக்குமாக விதி தளர்த்தப்படுகிறது. ஒருவனுடைய உடல் தாங்காத அளவுக்கு முயன்றபோது, அவனுக்கு அறிவுரை சொல்வதோடு நில்லாமல் அமைப்பின் விதியையே மாற்றிய நிகழ்ச்சியாக இதைப் படிக்கலாம். மிகையான உடல் உழைப்பைப் பற்றிய இந்தியச் சிந்தனையின் வரலாற்றில் அடிக்கடி எழும் கேள்வி இதில் அடங்கியிருக்கிறது. எல்லையை அறிய வேண்டியது யார்? அந்த எல்லைக்கு இடம் கொடுக்க வேண்டியது யார்?

மருத்துவ நூல்கள் முதல் கேள்விக்கு விடை தருகின்றன. கிறித்துவ ஊழியின் முதல் சில நூற்றாண்டுகளில் இன்றைய வடிவை நெருங்கிய சரக சம்ஹிதை, உடற்பயிற்சியின் பயன்களை முதலில் பட்டியலிடுகிறது: உடல் இலேசாகும், வேலை செய்யும் திறன் பெருகும், உறுதியும் துன்பம் தாங்கும் ஆற்றலும் வளரும், பசித்தீ தூண்டப்பெறும். உடனேயே மிகைப் பயிற்சியின் விளைவுகளும் தொடர்கின்றன: களைப்பு, உடல் தேய்வு, நீர்வேட்கை, இரத்தப்போக்கு, மூச்சுத்திணறல், இருமல், காய்ச்சல், வாந்தி. உடற்பயிற்சியோடு சிரிப்பு, பேச்சு, வழிநடை, புணர்ச்சி, இரவில் கண்விழித்தல் ஆகியவையும் பழக்கமானவையே ஆயினும் அளவு மீறக்கூடாதவை என்று அந்நூல் ஒரே வரிசையில் வைக்கிறது. மீறுபவன், யானையை இழுத்துச் செல்ல முயன்ற சிங்கம்போல் அழிவான் என்பது அதன் உவமை. சிங்கம் வலுவற்ற விலங்கன்று. அதனால் எச்சரிக்கை வலியவனை நோக்கியது என்பது வெளிப்படை.

சுசுருத சம்ஹிதை எல்லையை இன்னும் துல்லியமாக வரையறுக்கிறது. ஒருவன் தன் வலிமையில் பாதி அளவுக்கே பயிற்சி செய்ய வேண்டும். பாதி வந்துவிட்டது என்பதை அறிய அது எண்ணிக்கையையோ நேரத்தையோ நாடவில்லை. இதயத்தில் நிலைகொண்ட காற்று வாய்க்கு வரும் தருணம் அது என்கிறது. மூக்கால் விட்ட மூச்சு போதாமல் வாய் திறக்கும்போது நிறுத்த வேண்டும் என்று இதை எளிய மொழியில் சொல்லலாம். இன்றைய உடற்பயிற்சி அறிவியலில் முயற்சியின் அளவைப் பேச்சும் மூச்சும் கொண்டு மதிப்பிடும் எளிய சோதனைகள் உள்ளன. இரண்டும் ஒன்றே என்று உரிமை கொண்டாடுவது வரலாற்றுப் பிழை. பழைய மருத்துவர் வாயுவின் சீற்றத்தையும் தாதுக்களின் தேய்வையும் பற்றிப் பேசினர். ஆக்சிஜன் பற்றி அவர்கள் அறியவில்லை. ஆயினும் அளவுகோலைப் பயிற்சி செய்பவனுடைய உடலுக்குள்ளேயே வைத்தனர் என்பது கவனத்திற்குரியது. ஒருவனுடைய பாதி மற்றொருவனுடைய பாதி ஆகாது. நேற்றைய பாதி இன்றைய பாதியும் ஆகாது.

சரகரின் நூலில் இதற்கு இருண்ட மறுபக்கமும் உண்டு. உடலை உருக்கும் க்ஷய நோயின் நான்கு காரணங்களுள் முதலாவதாக அது வைப்பது 'சாகசம்'. தன் வலிமைக்கு மேற்பட்ட செயல் என்பது அதன் பொருள். மார்பகப் புண் பற்றிய இயல் இன்னும் விரிவானது: கடினமான வில்லை வளைத்தல், பெருஞ்சுமை தூக்குதல், தன்னைவிட வலியவனோடு மற்போர் புரிதல், ஓடும் காளையை அடக்குதல், பெரிய ஆற்றை நீந்திக் கடத்தல், குதிரையோடு போட்டியிட்டு ஓடுதல், நெடுந்தொலைவு விரைந்து நடத்தல், உரத்த குரலில் ஓதுதல். இவற்றுள் சில வீரனின் விளையாட்டுகள். சில கூலிக்காரனின் அன்றாடம். சுமை தூக்குபவன் பாதி வலிமையில் மூட்டையை இறக்கி வைக்க முடியுமா என்ற கேள்வியை நூல் எழுப்பவில்லை.

வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம் இந்த மௌனத்தைச் சற்றே விளக்குகிறது. பாதி வலிமை விதி யாருக்கு என்பதை அது வெளிப்படையாகச் சொல்கிறது: வலிமை உடையவர்க்கும், நெய்ப்புள்ள உணவு உண்பவர்க்கும். அதுவும் குளிர்காலத்திலும் வசந்தத்திலும் மட்டுமே. மற்றப் பருவங்களில் அதனினும் குறைவாகவே செய்ய வேண்டும். வாத பித்த நோயுடையார், குழந்தைகள், முதியோர், செரியாமை உடையார் ஆகியோர் பயிற்சியைத் தவிர்க்க வேண்டும். எனவே அரை வலிமை என்பது தனித்து நிற்கும் அறிவுரையன்று. உணவு, பருவம், வயது, ஓய்வு ஆகிய நான்கு தூண்களின்மேல் நிற்பது. நன்றாக உண்டு, நினைத்தபோது நிறுத்தும் உரிமை பெற்ற உடலை முன்னிறுத்தியே அது எழுதப்பட்டது.

அரசவை மல்லர்களின் வரலாறு இந்தத் தூண்களை வேறொரு வகையில் காட்டுகிறது. 12ஆம் நூற்றாண்டில் கல்யாணிச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரனின் பெயரில் அமைந்த மானசோல்லாசம், மற்போரை அரச வினோதங்களுள் ஒன்றாக விவரிக்கும்போது மல்லர்களின் பயிற்சியையும் உணவையும் சேர்த்தே பேசுகிறது. குஜராத்தின் மல்லர் சமூகத்தைச் சார்ந்த மல்லபுராணமும் பயிற்சி வகைகளோடு பருவத்தையும் உடல் தகுதியையும் இணைக்கிறது. இங்கே பாதி வலிமை விதி தளர்ந்துவிடுகிறது. மல்லனின் தொழிலே எல்லையைத் தள்ளிக்கொண்டே போவதுதான். ஆனால் அதற்கு ஈடாகப் பாலும் நெய்யும் பாதாமும், எண்ணெய்த் தேய்ப்பும், நாள் முழுவதும் வேறு வேலையற்ற ஓய்வும் அரண்மனைச் செலவில் கிடைத்தன. உடலின் எல்லையை அரசு தன் கருவூலத்தால் விரித்தது.

அந்த ஏற்பாட்டின் கடைசிப் பெரும் வடிவம் காமா பயில்வான். 1888ஆம் ஆண்டளவில் ஜோத்பூர் மகாராஜா நடத்திய பஸ்கிப் போட்டியில் நானூறுக்கும் மேற்பட்ட மல்லர்கள் கலந்துகொண்டதாகவும், கடைசிவரை களத்தில் நின்ற 15 பேருள் ஒருவன் ஏறக்குறைய பத்து வயதுச் சிறுவனான காமா என்பதாலேயே அவனை வெற்றியாளனாக மகாராஜா அறிவித்ததாகவும் அவரைப் பற்றிய வரலாறுகள் கூறுகின்றன. எத்தனை பஸ்கி என்பது பின்னாளில் அவருக்கே நினைவில்லை. சில ஆயிரம் இருக்கலாம். அதன்பின் ஒரு வாரம் அவர் படுக்கையைவிட்டு எழவில்லை என்ற செய்தியும் அக்கதையோடு சேர்ந்தே வருகிறது. புகழ்பாடும் நூல்கள் அந்த ஒரு வாரத்தை வேகமாகக் கடந்துவிடுகின்றன.

இன்றைய மருத்துவம் அந்த வாரத்தில் நின்று கவனிக்கும். பழகாத தசைகளை இடைவிடாமல் வருத்தும்போது தசைநார்கள் சிதைகின்றன; அவற்றிலிருந்த மயோகுளோபின் என்னும் புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது. சிறுநீர் கடுந்தேநீரின் நிறத்துக்கு மாறுவது இதன் முக்கிய அறிகுறி. பொட்டாசியம் பெருகினால் இதயத் துடிப்பே தடுமாறும். வெப்பமும் நீர்ச்சத்துக் குறைவும் இதன் கொடுமையைப் பன்மடங்காக்கும். எண்ணிக்கை இலக்கை நோக்கி ஆயிரக்கணக்கில் பஸ்கி எடுப்பது இத்தகைய தசைச் சிதைவுக்கு மிக எளிய வழிகளுள் ஒன்று. சிறுவன் காமாவுக்கு நேர்ந்தது இதுதான் என்று முடிவுகட்டச் சான்றில்லை. அவர் எழுந்து நடந்தார், 1910இல் லண்டனில் சிபிஸ்கோவை எதிர்கொண்டார், இந்தியாவின் பெருமிதமானார். எழாமல் போனவர்களுக்கு வரலாறு எழுதப்படுவதில்லை என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்ளலாம். சமஸ்தானங்கள் மறைந்தபின் ஆதரவிழந்த காமா, லாகூரில் நோயோடும் வறுமையோடும் போராடி 1960இல் இறந்தார். உடலின் எல்லையை விரித்த கருவூலம் மூடப்பட்டபோது அந்த உடலுக்குப் பொறுப்பேற்க எந்த அமைப்பும் இருக்கவில்லை.

இதற்கிடையில் உடற்பயிற்சியின் பொருளே மாறிவிட்டிருந்தது. இந்தியர், குறிப்பாக வங்காளியர், வலுவற்றவர் என்ற காலனிய முத்திரை படித்த வகுப்பினரின் உள்ளத்தில் ஆழமான காயத்தை ஏற்படுத்தியது. 1867இல் கல்கத்தாவில் தொடங்கிய இந்து மேளாவில் உடற்பயிற்சிக் காட்சிகள் இடம்பெற்றன. 1902இல் தோன்றிய அனுசீலன் சமிதி பயிற்சிக்கூட உருவிலேயே வளர்ந்தது. ஐரோப்பியப் பலசாலி யூஜின் சாண்டோ 1905இல் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தபோது பெருங்கூட்டங்களை ஈர்த்தார். ஔந்து சமஸ்தானத்தின் அரசர் சாண்டோ முறையில் தொடங்கிப் பின் சூரிய நமஸ்காரத்தைத் தன் ஆட்சிப் பகுதிப் பள்ளிகளில் பரப்பினார். இவ்வியக்கங்கள் எளிய மக்களுக்கும் பயிற்சிக்கூடத்தின் கதவைத் திறந்தன என்பதை மறுக்க இயலாது. ஆனால் அவமானத்தைத் துடைக்கப் பிறந்த பயிற்சியில் பாதியில் நிறுத்துவது கோழைத்தனமாகத் தோன்றத் தொடங்கியது. எத்தனை தண்டால், எத்தனை நமஸ்காரம் என்ற எண்ணிக்கை ஆண்மையின் கணக்காயிற்று.

மாற்றுக் குரல்கள் இல்லாமல் போகவில்லை. 15ஆம் நூற்றாண்டின் ஹடயோகப் பிரதீபிகை யோகத்தைக் கெடுக்கும் ஆறனுள் மிகை உணவை அடுத்து மிகை முயற்சியை வைத்திருந்தது. 1924இல் லோணாவாலாவில் கைவல்யதாமத்தை நிறுவிய சுவாமி குவலயானந்தர் அம்மரபை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்தார். தசையைக் களைப்பிக்கும் பயிற்சியிலிருந்து யோகப் பயிற்சியை அவர் வேறுபடுத்திக் காட்ட முயன்றார். எனினும் பள்ளியும் படையும் காவல்துறையும் தேர்ந்தெடுத்த மொழி கடிகாரத்தின் மொழியாகவே இருந்தது. விடுதலைக்குப் பின் 1959-60இல் தொடங்கிய தேசிய உடல்திறன் இயக்கம், ஓட்டம், தாண்டுதல், எறிதல் போன்றவற்றுக்கு நாடு முழுவதற்கும் பொதுவான தர அளவுகளை வகுத்தது. சமத்துவம் நாடிய முயற்சி அது. ஒரே தொலைவு, ஒரே நேரம் என்பது எல்லோருக்கும் நியாயமாகத் தோன்றுகிறது. எல்லோரும் ஒரே உணவு உண்டு வருவதில்லை என்பது அந்த அட்டவணையில் தெரிவதில்லை.

2006 மே 2ஆம் நாள் இந்த முரண் நாட்டின் கண்முன்னே ஓடியது. ஒடிசாவின் நான்கு வயதுச் சிறுவன் புதியா சிங், பூரியிலிருந்து புவனேசுவரம் நோக்கி ஏறத்தாழ 65 கிலோமீட்டரை ஏழு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட நேரத்தில் ஓடினான். இலக்கை எட்டும் முன்பே தளர்ந்து விழுந்தான். சாலையின் இருபுறமும் கூட்டம் கைதட்டியது. பின்னர் நடந்த மருத்துவப் பரிசோதனையில் ஊட்டக்குறைவும் இரத்தசோகையும் இதயத்தின்மேல் அழுத்தமும் கண்டறியப்பட்டதாகச் செய்தி வெளியானது. அரசு அவனுடைய நெடுந்தொலைவு ஓட்டத்தைத் தடைசெய்தது. தடையை எதிர்த்தவர்களின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. சேரிக் குழந்தைக்கு உணவும் படிப்பும் வாய்த்தது ஓட்டத்தால்தான். ஓடாதே என்பவர்கள் வேறென்ன தந்தார்கள் என்று அவர்கள் கேட்டனர். குழந்தைக்குப் பயிற்சி ஆகாது என்ற வாக்படரின் விதிக்கும், ஓடினால்தான் சோறு என்ற நிலைக்கும் இடையே அச்சிறுவன் நின்றான்.

2024 ஆகஸ்டு இறுதியில் ஜார்க்கண்ட் மாநில ஆயத்தீர்வைக் காவலர் தேர்வில் அதே முரண் உயிர்களைக் கொண்டுபோயிற்று. ஆண் தேர்வர்கள் ஒரு மணி நேரத்துக்குள் 10 கிலோமீட்டர் ஓட வேண்டும் என்பது விதி. சில நாட்களுக்குள் பத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் இறந்தனர். நூற்றுக்கணக்கானோர் மயங்கி விழுந்தனர். மழைக்காலப் புழுக்கம், இரவெல்லாம் காத்திருந்த வரிசைகள், வெறும் வயிறு ஆகியன பற்றிச் செய்திகள் வந்தன. சிலர் ஊக்கமருந்து உட்கொண்டிருக்கலாம் என்ற ஐயமும் எழுந்தது. தேர்வு சில நாட்கள் நிறுத்திவைக்கப்பட்டது. விதிகளை மறு ஆய்வு செய்வதாக அரசு அறிவித்தது. மிகைப் பயிற்சியை இரவுக் கண்விழிப்போடு ஒரே வரிசையில் வைத்த சரகரின் பட்டியலை இவ்விடத்தில் மீண்டும் நினைத்துப் பார்க்கலாம். தனித்தனியே தாங்கக்கூடியவை ஒன்றாக வரும்போது உடல் தாங்குவதில்லை. பாதியில் நின்றவனுக்கு வேலை இல்லை என்றால், வாய் திறந்து மூச்சு வாங்கும் அந்தக் குறியை எவன் மதிப்பான்?

இறப்புகளுக்கு ஒற்றைக் காரணம் தேடுவது இயல்பு. அது பொறுப்பை மறைக்கவும் உதவும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2023இல் வெளியிட்ட ஆய்வு, 18 முதல் 45 வயதுக்குட்பட்டவர்களிடையே காரணம் விளங்காத திடீர் இறப்புகள் 729ஐ, உயிரோடிருக்கும் ஒத்த வயதினரோடு ஒப்பிட்டது. இறப்புக்கு முந்தைய 48 மணி நேரத்தில் அளவுக்கு மீறிய மதுவும் கடும் உடலுழைப்பும், குடும்பத்தில் திடீர் இறப்பு நிகழ்ந்த வரலாறும், கோவிட் நோய்க்காக மருத்துவமனையில் சேர்ந்திருந்ததும் இறப்பின் வாய்ப்போடு தொடர்புற்றிருந்தன. தடுப்பூசி அபாயத்தைக் கூட்டவில்லை. தொடர்பு காரணமாகிவிடாது என்ற எச்சரிக்கை இதற்கும் பொருந்தும். மறைந்திருக்கும் இதயக் கோளாறுள்ள சிலருக்குக் கடும் பயிற்சி கடைசித் தூண்டுதலாகலாம் என்பதும், மிதமான பயிற்சி பெரும்பான்மையோரின் ஆயுளைக் கூட்டுகிறது என்பதும் ஒருசேர உண்மை. உடற்பயிற்சியை அஞ்ச இதில் இடமில்லை.

அமைப்பு தன் விதியை மாற்றினால் என்ன நிகழும் என்பதற்கு வெளிநாட்டுச் சான்று ஒன்று உண்டு. அரிவாள் அணுப் பண்பு உடைய கறுப்பின வீரர்கள் பயிற்சியில் திடீரென இறக்கும் அபாயம் மிகுதி என்று அமெரிக்கப் படைகளைப் பற்றிய 1987ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. பின்னர் நீர், ஓய்வு, வெப்பம் குறித்த பாதுகாப்பு விதிகள் அனைத்து வீரர்க்கும் பொதுவாக்கப்பட்டன. 2016இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், அப்பண்பு உடையோரிடம் தசைச் சிதைவு அபாயம் கூடுதலாக இருந்தும் இறப்பு அபாயம் கூடுதலாக இல்லை. இரத்தத்தின் பண்பு மாறவில்லை. பயிற்சிக்களத்தின் விதி மாறியது. அதே பண்பு நடு இந்தியப் பழங்குடி மக்களிடையே பரவலாக உள்ளது. அதை ஒழிக்க 2023இல் தேசிய இயக்கமே தொடங்கப்பட்டுள்ள நாட்டில், ஆட்சேர்ப்பு ஓட்டத்தை வகுப்போர் அதைக் கணக்கில் கொள்வது கூடுதல் சுமையாகாது.

உடற்பயிற்சி மிகினால் தீங்கு என்பது இந்தியாவில் புதிய அறிவன்று. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளாக எழுத்தில் இருக்கிறது. அந்த அறிவு பெரும்பாலும் தனிமனிதனை நோக்கிய அறிவுரையாகவே வழங்கிவந்தது: உன் வலிமையை நீயே அறிந்து நட. பாலும் நெய்யும் ஓய்வும் உள்ளவனுக்கு அது போதும். இன்று கட்டணம் செலுத்திப் பயிற்சிக்கூடம் செல்பவர்க்கும் பெரும்பாலும் போதும். ஆறு மாதமாக விடியற்காலையில் வெறுங்காலோடு வயல் வரப்பில் ஓடிப் பழகி, நூறு இடங்களுக்கு ஆயிரம் பேர் நிற்கும் வரிசையில் தானும் நிற்பவனுக்கு அது போதாது. அவன் தன் எல்லையை அறியாதவன் அல்லன்; அறிந்தும் நிற்க முடியாதவன்.

சீதவனத்தில் ஒருவருடைய காலில் குருதி வழிந்ததும் சங்கம் முழுவதற்கும் செருப்பு கிடைத்தது. தனக்கு மட்டும் வேண்டாம், எல்லோர்க்கும் வேண்டும் என்று கேட்டவர் காயம்பட்டவரே.